மை காணாத 48 பேனாக்கள்

என் மனைவியின் தங்கை மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். பொங்கலுக்குத் திண்டுக்கல் வந்தவன், சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு என் எதிரே உட்கார்ந்து, ஜிப் வைத்த ஒரு தோல் பெட்டியை எடுத்தான்.

"பெரியப்பா, இத உங்ககிட்டதான் காட்டணும்னு கொண்டுவந்தேன்."

திறந்தான். இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக மை பேனாக்கள். ஒவ்வொன்றுக்கும் தனி எலாஸ்டிக் பட்டை. மொத்தம் 48. எபோனைட், அக்ரிலிக், பித்தளை, மரம். கொண்டை போட்ட மூடி, தட்டை மூடி, கிளிப் உள்ளது, இல்லாதது. கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னால் நிற்கும் சின்னப் பையனைப் போல் நான் ஆகிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்றை எடுத்து மூடியைத் திருகினேன். மரை வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. மேஜையில் கிடந்த பால் கணக்கு நோட்டில் என் பெயரை எழுதப் போனேன்.

"ஐயோ பெரியப்பா, அதுல மை இல்ல."

அடுத்ததை எடுத்தேன். அதிலும் இல்லை.

"எதுலதான்ப்பா ஊத்தியிருக்க?"

"எதுலயும் ஊத்தல. ஊத்தினா விலை பாதியாயிரும்."

மை படாத பேனாவுக்குத்தான் சந்தையில் மதிப்பாம். பெட்டி, வாரண்டி அட்டை, சுற்றி வந்த காகிதம் எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்க வேண்டுமாம். அதில் ஒன்று 38,000 ரூபாய். "அப்ப நீ எழுதுறதுக்கு என்ன வச்சிருக்க?" என்று கேட்டேன். போனைக் காட்டினான்.

அவன் நல்ல பையன். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று இந்த இடத்தில் எழுத நினைத்தேன். அது பொய். கோபம் இருக்கிறது. அவன் ஒருவன் மேல் மட்டும் இல்லை. பேனா சேகரிப்பு என்ற பெயரில் இன்று நடக்கும் காரியம் மொத்தத்தின் மேலும் இருக்கிறது. மை பேனாவை நாங்கள்தான் காப்பாற்றுகிறோம் என்று இவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அதற்குப் பாடை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பூ வைத்து, பன்னீர் தெளித்து, நல்ல பாடைதான்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். சின்ன வகுப்பில் எங்கள் மேஜைக்கு ஒரு ஓட்டை இருக்கும். அதில் பீங்கான் கிண்ணம். கிண்ணத்தில் ஊதா மை. மரக்கட்டையில் செருகிய இரும்பு நிப்பைத் தொட்டுத் தொட்டு எழுத வேண்டும். கீழே இறங்கும் கோடு தடிமனாக, மேலே ஏறும் கோடு மயிரிழையாக வர வேண்டும். இறங்கும்போது அழுத்து, ஏறும்போது தூக்கு. தவறினால் விரல் முட்டியில் ரூல்தடி விழும். பிரான்சில் மார்செல் பிக் 1950-லேயே தன் பால்பாயிண்ட் பேனாவை விற்கத் தொடங்கிவிட்டார். ஆனாலும் அந்த நாட்டுக் கல்வித் துறை அதைப் பள்ளிக்கூடத்துக்குள் அனுமதிக்க 1965 ஆயிற்று. அந்தப் பிடிவாதத்தின் கடைசி வால் எங்கள் முட்டியில் விழுந்தது.

அந்த அடியில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. நிப்பு என்பது உலோகம் என்றாலும் அது கைக்கு ஏற்ற மாதிரி மாறும். அதன் நுனியில் வைத்திருக்கும் கெட்டியான மணி, நாம் பேனாவைச் சாய்க்கும் கோணத்தில், நம் அழுத்தத்துக்கு, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அதனால்தான் அந்தக் காலத்தில் பேனாவை இரவல் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் திரும்பி வரும்போது நிப்பு வேறு ஆளாகி வரும். என் பேனாவை நீங்கள் வாங்கி எழுதினால் கீறும். எனக்குத் தண்ணீர் மாதிரி ஓடும். சேகரிப்பவர்கள் இதைத் 'தேய்மானம்' என்கிறார்கள், விலையில் கழிக்கிறார்கள். பழகிய மாட்டைக் கிழடு என்று சந்தையில் தள்ளிவிடும் கணக்கு இது. எழுதாத நிப்புக்கு இன்னும் சொந்தக்காரன் கிடையாது. பெட்டியில் 48 இருக்கலாம். அதில் ஒன்றுகூட அவனுடையது அல்ல.

சரி, மையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வேறு எப்போது சொல்லப் போகிறேன். நான் அரசுப் பணியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது பதிவேடுகள் நீலக்கறுப்பு மையில்தான் எழுதப்பட்டன. ஏன் என்று மூத்த எழுத்தர் ஒருவர் எனக்கு விளக்கினார். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் ஆட்கள் காய்ச்சிய பழைய மையும், வெள்ளைக்காரன் மாசிக்காயில் செய்த பதிவேட்டு மையும் ஒரே சங்கதி. காயில் உள்ள துவர்ப்பும் அன்னபேதியில் உள்ள இரும்பும் சேர்கின்றன. எழுதும்போது வெளிறி இருக்கும். காற்றுப் பட்டதும் கறுத்து, காகிதத்தின் நாருக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் பட்டாலும் போகாது. ஆவண அறையில் நூறு வயதைத் தாண்டிய நிலப் பதிவேடுகளை நான் என் கையால் புரட்டியிருக்கிறேன். காகிதம் அப்பளமாக நொறுங்கும், எழுத்து நிற்கும். இன்று என் மருந்துக்கடை ரசீது மூன்றே மாதத்தில் வெள்ளைத்தாள் ஆகிவிடுகிறது. இப்போது சேகரிப்பவர்கள் வாங்கும் மையில் ஜிகினாத் தூள் மிதக்கிறது. அதில் பட்டா எழுதினால் தாசில்தார் சிரிப்பார்.

பால்பாயிண்ட் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது என்று என் வயதுக்காரர்கள் புலம்புவதை நான் ஏற்பதில்லை. எங்கள் அலுவலகத்தில் மை பேனாவை ஒழித்தது கார்பன் தாள். எந்தக் காகிதமானாலும் மூன்று பிரதி வேண்டும். மை பேனாவை அழுத்தினால் நிப்பு விரியும், அடித்தாளில் ஒன்றும் விழாது. பால்பாயிண்ட்டை அழுத்தலாம். அவ்வளவுதான் விஷயம். அது வேலைக்காக வந்தது, வேலை செய்தது, ஜெயித்தது. அந்தத் தோல்வியில் மானக்கேடு ஒன்றும் இல்லை. என் சட்டைப் பையிலும் ஒரு பால்பாயிண்ட் எப்போதும் உண்டு. வங்கிச் சலானுக்கு அது வேண்டும்.

இப்போது அவன் சொன்ன முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். அதில் பாதி நியாயம் இருக்கிறது என்பதால்தான் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

"பெரியப்பா, எங்கள மாதிரி ஆளுங்க வாங்கலன்னா இந்தப் பேனா செய்றவங்க எப்பவோ கடைய மூடியிருப்பாங்க."

உண்மை. திருவள்ளூர் ரங்கா, சென்னை பாரிமுனையில் ஜெம் அண்ட் கோவின் காமா, ராஜமுந்திரி ரத்னம் என்று எபோனைட் பேனாக்களுக்குப் பெயர் போனவர்களை இன்று தேடிப் போவது பள்ளிக்கூடப் பையன் அல்ல. உலகம் முழுக்க உள்ள பேனாப் பித்தர்கள்தான் தேடுகிறார்கள். கெட்டி ரப்பர் கம்பியைக் கடைசல் இயந்திரத்தில் வைத்து, கையால் கடைந்து, மரை வெட்டி, மெருகேற்றும் ஒரு தொழில் பிழைத்திருப்பதில் இவர்களுக்குப் பங்கு உண்டு. அதை மறுத்தால் நான் மனிதனில்லை.

ஆனால் அந்தப் பெட்டியில் இருந்த நம் ஊர்ப் பேனாக்கள் சிலவற்றின் நிப்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஜெர்மன் நிப்பு. ஹைடல்பெர்க் பாக், பெர்லின் யோவோ. "வாங்குறவங்க அதைத்தான் கேக்குறாங்க, பெரியப்பா. இந்திய நிப்பு போட்டா யாரும் வாங்க மாட்டாங்க" என்றான். உடம்பு நம்மூர்க் கடைசல். எழுதுகிற முனை மட்டும் விமானத்தில் வந்திறங்கியது. அந்த முனையாலும் யாரும் எழுதப்போவதில்லை என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

திண்டுக்கல்லிலிருந்து மதுரை, விருதுநகர் தாண்டினால் சாத்தூர். சாத்தூர் என்றால் இன்று காராச்சேவு, வெள்ளரிக்காய் என்பார்கள். ஒரு காலத்தில் சாத்தூர் என்றால் நிப்பு. நாட்டுக்கே பேனா நிப்பு அடித்துக் கொடுத்த ஊர் அது. 1983-ல் ஓர் உறவினர் திருமணத்துக்குப் போனபோது, மாப்பிள்ளையின் சித்தப்பா நிப்புப் பட்டறைக்காரர் என்று தெரிந்து, தாலி கட்டி முடிந்ததும் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் அவர் பின்னாலேயே போய்விட்டேன். (என் மனைவி இதை இன்னும் மறக்கவில்லை.) ஓட்டுக் கூரையின் கீழ் கையால் இழுத்து அடிக்கும் அச்சு இயந்திரங்கள் வரிசையாக இருந்தன. எஃகுத் தகட்டிலிருந்து இலை மாதிரி துண்டு வெட்டுவது ஒருவர். பெயர் பொறிப்பது இன்னொருவர். வளைப்பது, நுனியிலிருந்து நடு ஓட்டை வரை மயிரிழைப் பிளவு போடுவது, தேய்ப்பது, மெருகேற்றுவது. ஒரு நிப்பு பத்துக்கும் மேற்பட்ட கைகளில் ஏறி இறங்குகிறது. பெரும்பாலும் பெண்கள். கடைசியில் ஓர் அம்மாள் ஒவ்வொன்றையும் கட்டை விரல் நகத்தில் வைத்து லேசாக அழுத்தி, பிளவு நேராகத் திறக்கிறதா என்று பார்த்து, கழித்ததை ஒரு டப்பாவிலும் தேறியதை இன்னொன்றிலும் போட்டுக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டேதான் இருந்தார், கண் மட்டும் நகத்தை விட்டு எழவில்லை. நிப்பைக் குரோஸ் கணக்கில் விற்றார்கள். 144 நிப்பு ஒரு குரோஸ்.

அந்த நிப்பு கீறாதா? கீறும். அது பணக்கார நிப்பு அல்ல. பள்ளிப் பையன் காலணா அரையணாவுக்கு வாங்குகிற பேனாவுக்கு வைத்த நிப்பு. ஆனால் கீறும் நிப்பைக் கீறாமல் ஆக்கும் வித்தையும் இந்த நாட்டில் இருந்தது. எங்கள் ஊரில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மாடிப்படிக்கு அடியில் ஒரு பேனா ரிப்பேர்க்காரர் உட்கார்ந்திருப்பார். பேனாவை நீட்டினால் உடனே வாங்க மாட்டார். முதலில் ஒரு தாளைக் கொடுத்து உங்கள் பெயரை எழுதச் சொல்வார். பேனாவைப் பார்க்க மாட்டார், உங்கள் கையைப் பார்ப்பார். பிறகு நிப்பையும் அதன் அடியில் இருக்கும் கறுப்புக் கட்டையையும் உருவி, பிளேடை ஒரு இழுப்பு இழுத்து, பழுப்புத் தாளில் எட்டுப் போட்டுத் தேய்த்து, திரும்பச் செருகி நீட்டுவார். எழுதினால் அது உங்கள் பேனா. அவர் இடத்தில் இப்போது போன் உறை விற்கிறார்கள்.

ஆகவே என் கேள்வி இது. ஒரு பேனாவுக்கு 38,000 கொடுக்கத் தயாராக இருக்கும் இந்த ரசிகர்கள், சாத்தூர்ப் பட்டறைக்காரரிடம் போய், "ஐயா, இந்த நுனியை இன்னும் நன்றாகச் செய்து கொடுங்கள், பத்து மடங்கு விலை தருகிறோம்" என்று கேட்டார்களா? நல்ல நிப்பு என்பது பணமும் பொறுமையும் கேட்கிற பொருள், வானத்திலிருந்து விழுவதில்லை. எழுதுகிறவன்தான் நிப்பைப் பற்றிக் குறை சொல்வான். குறை சொன்னால்தான் செய்கிறவன் திருத்துவான். எழுதாதவனுக்கு நிப்பில் என்ன குறை தெரியும்? அவனுக்குப் பளபளப்பு போதும், பெயர் பொறித்திருந்தால் போதும். இவர்களின் காசு கடைசல்காரர் வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிட்டது. நகத்தில் வைத்துப் பார்த்த அந்த அம்மாளின் டப்பா வரை போகவில்லை.

காந்தி கதையை இவர்கள் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், அவனும் காட்டினான். ராஜமுந்திரியில் ரத்னம் செய்த சுதேசிப் பேனா, ஜே.சி. குமரப்பா மூலமாகக் காந்தியிடம் போய்ச் சேர்ந்தது. 1935-ல் காந்தி நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தின் நகல்தான் இப்போது விளம்பரம். ஆனால் அதில் காந்தி முதலில் சொல்வது என்ன? அந்தப் பேனாவைத் தான் உபயோகித்துப் பார்த்ததாகச் சொல்கிறார். அதன் பிறகுதான் கடைகளில் கிடைக்கும் அந்நியப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்றாகத் தோன்றுகிறது என்று பாராட்டுகிறார். மை ஊற்றி எழுதிப் பார்த்த மனிதர் கொடுத்த சான்றிதழ் அது. குமரப்பா கடைசிக் காலத்தில் வாழ்ந்தது நம் பக்கத்து தே. கல்லுப்பட்டியில்தான். 48 பேனாவும் மை காணாதவை என்று கேட்டிருந்தால் அந்த மனிதர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் பேனாவோடு நிறுத்திக்கொள்ளவும் முடியவில்லை. எங்கள் ஊர்ப் பூட்டைத் தெரியாதவர் கிடையாது. மாங்காய்ப் பூட்டு என்றால் பெருமைப்படாதவர் இந்த ஊரில் இல்லை. 2019-ல் புவிசார் குறியீடு வந்தபோது என் போனில் முப்பது வாழ்த்துச் செய்தி. அதை அனுப்பிய முப்பது பேரில் எத்தனை வீட்டு வாசலில் திண்டுக்கல் பூட்டு தொங்குகிறது? என் வீட்டிலேயே தொங்குவது அலிகார் பூட்டு. விலை குறைவு என்று என் மகன் வாங்கி வந்தான், நானும் பேசாமல் இருந்தேன். மாங்காய்ப் பூட்டு ஒன்று வரவேற்பறை அலமாரியில் கண்ணாடிக்குள் இருக்கிறது, சாவி தொலைந்துவிட்டது. வருகிறவர்கள் பார்த்துவிட்டு "ஆஹா" என்கிறார்கள். பட்டறைக்காரருக்கு இந்த "ஆஹா"வால் ஒரு வேளை உலை கொதிக்குமா?

"என் காசு, என் இஷ்டம்" என்பது அவனுடைய கடைசி வாதம். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவன் காசுதான்.

ஆனால் பாதுகாப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். என் அப்பாவிடம் ஒரு வாட்டர்மேன் இருந்தது. பக்கவாட்டில் சின்ன லீவர் வைத்தது. லீவரைத் தூக்கி விட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் பை மையை உறிஞ்சிக்கொள்ளும். அவர் கணக்கு எழுதியதும் எனக்குக் கடிதம் எழுதியதும் அதில்தான். அவர் போன பிறகு அதை எனக்கு என்று அம்மா கொடுத்தாள். நான் அதில் எழுதவில்லை. எழுதினால் அப்பாவின் நிப்பு மாறிவிடும், தொலைந்துவிடும், அலுவலகத்தில் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று பட்டுத்துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தேன். கழுவக்கூட இல்லை. ஓய்வு பெற்ற வருடம் ஆசையாக எடுத்து லீவரைத் தூக்கினேன். பொட்டென்று ஒரு சத்தம். ரப்பர் பை கருவாடாகக் காய்ந்து உள்ளேயே நொறுங்கியிருந்தது. கடைசியாக அப்பா ஊற்றிய மை கட்டைக்குள் கல்லாக இறுகி, நிப்பின் அடிப்பக்கத்தை அரித்திருந்தது. மாடிப்படிக்காரர் அப்போது உயிரோடு இல்லை. தினம் எழுதியிருந்தால் அந்தப் பேனா தினம் கழுவப்பட்டிருக்கும், பை போனால் பை மாற்றியிருப்பேன். பத்திரமாக வைத்ததால் செத்தது.

இதை அவனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்த வாட்டர்மேன் இப்பவும் இருக்கா பெரியப்பா? அப்படியே வாங்கிக்கிற ஆளுங்க இருக்காங்க" என்றான்.

கிளம்பும்போது ஒரு தபால் உறையில் தபால்தலை ஒட்டி, என் முகவரியைத் திண்டுக்கல் 624001 வரை நானே எழுதி அவன் கையில் கொடுத்தேன். 48-ல் ஏதாவது ஒன்றில் மை ஊற்றி எனக்கு ஒரு பக்கம் எழுது, என்ன வேண்டுமானாலும் எழுது, என்னைத் திட்டிக்கூட எழுது என்றேன். சரி என்றான். நாற்பது நாள் ஆகிறது. தபால்காரர் கொண்டுவந்தது ஓர் எல்.ஐ.சி. நோட்டீசும் கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகையும். போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. பச்சை எபோனைட், தங்க வளையம், பெட்டி பிரிக்காதது. 49-வது.

நான் அடுத்த வாரம் சாத்தூர் போகிறேன். பட்டறை இருந்தால் ஒரு குரோஸ் நிப்பு வாங்கி வருவேன். தேய்க்கப் பழுப்புத் தாள் வீட்டில் இருக்கிறது.